பெட்டியின் மேலுள்ள எண்கள்: விளையாட்டுத் திரை இழந்ததும் மீட்டதும்

27 அங்குலம், 2560×1440, 180 ஹெர்ட்ஸ், 1 மில்லிநொடி, ஐபிஎஸ், அடாப்டிவ் சிங்க், எச்டிஆர் 400. தில்லி நேரு பிளேஸிலோ பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விளையாட்டுக்கென விற்கப்படும் கணினி மானிட்டரின் அட்டைப்பெட்டியில் ஏறத்தாழ இவ்வளவும் அச்சாகியிருக்கும். வாங்க வரும் மாணவர் இவற்றைப் பொருளின் தகுதிகளாக வாசிக்கிறார். எண் கூடினால் தகுதியும் கூடும் எனக் கொள்கிறார். வரலாற்றாய்வின் கண்ணில் இவை வேறு வகைச் சான்றுகள். இவற்றுள் பெரும்பாலானவை, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேசையிலிருந்து படக்குழாய் அகற்றப்பட்டபோது உடன் இழக்கப்பட்ட ஏதோ ஒன்றை மீட்க நடந்த முயற்சியின் தடயங்கள். எந்த எண் எந்த இழப்புக்கு விடை என்று அறிந்தவருக்கே அந்தப் பெட்டி படிக்கத்தக்கதாகிறது.

விளையாட்டுக்கென்று தொடக்கத்தில் எந்தத் திரையும் செய்யப்படவில்லை. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் பார்வையாளர்களுக்குக் காட்டிய டென்னிஸ் ஆட்டம், மின்னலைகளை அளக்கும் ஆசிலோஸ்கோப்பின் சிறு வட்டத் திரையில் ஓடியது. 1962-இல் எம்ஐடி மாணவர்கள் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ பிடிபி-1 கணினியோடு வந்த திரையைக் கடன் கொண்டது. 1972-இல் அட்டாரியின் ‘பாங்’ கடையில் வாங்கிய சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியை மர அலமாரிக்குள் வைத்து வெளிவந்தது. இந்தக் கடன் வாங்கும் வழக்கம் அத்தோடு முடியவில்லை. இன்றைய 180 ஹெர்ட்ஸுக்கும் அடாப்டிவ் சிங்குக்கும் அதே பிறப்புக் கதைதான் என்பது கீழே தெரியவரும்.

கடன் வாங்கிய பொருளானாலும் படக்குழாய் விளையாட்டுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. 1897-இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் அமைத்த எதிர்மின் கதிர்க்குழாயின் வழிவந்த அக்கருவியில், மின்னணுக் கற்றை ஒன்று கண்ணாடியின் உட்புறப் பூச்சை வரிவரியாகத் தொட்டுச் செல்கிறது. தொடப்பட்ட புள்ளி பளிச்சென ஒளிர்ந்து, ஒரு மில்லிநொடி அளவில் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. எந்தக் கணத்திலும் திரையின் மிகச் சிறு பகுதியே உண்மையில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். முழுப் படம் என்பது பார்ப்பவரின் கண்ணில் நிகழும் கூட்டல். இடையில் எந்தக் கணக்கீடும் இல்லாமல் கம்பியில் வந்த மின்குறிப்பு நேரே கற்றையை ஆட்டியதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரை மாறுவதற்கும் நடுவே மானிட்டரின் பங்காகச் சேரும் தாமதம் புறக்கணிக்கத்தக்கது. 1990-களில் இந்திய நடுத்தர வீடுகளுக்குள் வந்த நகல் வீடியோ கேம் பெட்டிகளுடன் கிடைத்த பிளாஸ்டிக் துப்பாக்கி இந்தத் துல்லியத்தை நம்பியே இயங்கியது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலிருந்த ஒளி உணரி அதைக் கண்டால் வாத்து விழும். அதே துப்பாக்கியை இன்றைய தட்டைத் திரைமுன் நீட்டினால் ஒரு வாத்தும் விழாது.

படக்குழாய்க்கு இன்னொரு இயல்பும் உண்டு. அதற்கென்று நிலையான பிக்சல் எண்ணிக்கை கிடையாது. 640×480 கேட்டால் அதையும், 1024×768 கேட்டால் அதையும், தன் மின்சுற்றின் எல்லைக்குள் ஒரே நேர்த்தியுடன் வரைந்துவிடும். விநாடிக்கு எத்தனை முறை வரைவது என்பதும் நெகிழ்வானதே. தொலைக்காட்சியில் அது நாட்டின் மின்சாரத்தைப் பின்பற்றி அமெரிக்காவில் 60 ஆகவும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 ஆகவும் நிலைபெற்றது. கணினி அந்தக் கட்டிலிருந்து விலகியது. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையில் 320×200 பிக்சல் படம் விநாடிக்கு 70 முறை வரையப்பட்டது. 1993-இல் வெளியான ‘டூம்’ விநாடிக்கு 35 சட்டகங்கள் என்ற எல்லைக்குள் ஓடியது. 70-இல் சரிபாதி 35 என்பதே அந்த விந்தையான எண்ணின் விளக்கம்.

புதுப்பிப்பு வீதம் என்ற எண்ணை வாங்குவோர் கவனிக்கத் தொடங்கியதற்கு விளையாட்டு காரணமன்று. 60 முறை மட்டும் ஒளிரும் படக்குழாயை அருகிலிருந்து நாள் முழுவதும் பார்த்தால் கண் கூசும், தலை வலிக்கும். சுவீடனின் அலுவலக ஊழியர் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டிசிஓ, 1990-களில் மானிட்டர்களுக்குத் தர முத்திரை வழங்கத் தொடங்கி, 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் 85 ஹெர்ட்ஸைக் குறைந்த அளவாக வைத்தது. உலகச் சந்தைக்குச் செய்யப்பட்ட மானிட்டர்கள் அந்த முத்திரையைத் தேடின. ஆகவே சுவீடனைக் கேள்விப்பட்டிராதவருக்கும் அதன் பயன் கிடைத்தது. தட்டச்சு செய்வோரின் தலைவலிக்காகப் போராடிப் பெற்ற எண்ணைப் பின்னாளில் துப்பாக்கி விளையாட்டு ஆடியவர்கள் அனுபவித்தார்கள்.

2003-இல் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6’ வந்தபோது இந்திய நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் இருந்தவை பெரும்பாலும் 15 அல்லது 17 அங்குலப் படக்குழாய்கள். மணிக்கணக்கில் பணம் கொடுத்து ஆடிய இளைஞர்கள் திரையின் பிக்சல் எண்ணிக்கையை 800×600-க்கோ அதற்கும் கீழோ இறக்கி, வீதத்தை 100 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி வைக்கும் வித்தையை ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றுக்கொண்டனர். படக்குழாயில் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். அக்கலையின் உச்சிகள் வேறிடங்களில் இருந்தன. 1995-ஐ ஒட்டி ‘குவேக்’ விளையாட்டை எழுதிக்கொண்டிருந்த ஜான் கார்மாக் 28 அங்குல, 1920×1080 அகலத்திரைப் படக்குழாய் ஒன்றின்முன் அமர்ந்திருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. சோனியின் ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900 என்ற 24 அங்குல மானிட்டரைப் பழம்பொருள் திரட்டுவோர் இன்றும் தேடி வாங்குகின்றனர். அதன் எடை நாற்பது கிலோவுக்கும் மேல். படக்குழாயின் வீழ்ச்சிக்கு இந்த ஓர் எண்ணே போதிய விளக்கம்.

அதை வீழ்த்திய பொருளின் கதை பிராகாவில் தொடங்குகிறது. 1888-இல் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்று இரண்டு வெப்பநிலைகளில் இருமுறை உருகுவதுபோல் நடந்துகொள்வதைக் கண்டார். பாய்வதால் நீர்மம், ஒளியை நடத்தும் விதத்தால் படிகம். எண்பது ஆண்டுகள் இது ஆய்வக விந்தையாகவே கிடந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மயரின் குழு நீர்மப் படிகத்தால் காட்சி அமைக்கலாம் என அறிவித்தது. 1970-இன் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் மூலக்கூறுகளை இரு கண்ணாடிகளுக்கிடையே முறுக்கி அடுக்கும் டிஎன் முறைக்குக் காப்புரிமை விண்ணப்பித்தனர். கைக்கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் அது போதுமானதாக இருந்தது. மணி காட்டும் எண் நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் போதும்; அது எவ்வளவு விரைவில் மாறுகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. விளையாட்டுத் திரை பிற்காலத்தில் பட்ட துன்பத்தின் வித்து இங்கே இருக்கிறது.

முறுக்கு அடுக்குமுறைக்கு மற்றொரு நோயும் இருந்தது. நேரே பார்த்தால் சரியாகத் தெரியும் படம், சற்றுக் கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்த்தால் நிறம் திரிந்து, சில கோணங்களில் கறுப்பு வெளுப்பாகவே மாறிவிடும். மின்னழுத்தம் கொடுத்த பின்னும் கண்ணாடியை ஒட்டிய மூலக்கூறுகள் முழுமையாக நிமிராமல் படிப்படியாகச் சாய்ந்தே நிற்பது இதன் காரணம். அதற்குக் கிடைத்த மருந்தின் மூலம் பெங்களூர்.

சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930-இல் பிறந்தவர், சி.வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நிறுவி நடத்திய பின், 1971-இல் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து நீர்மப் படிக ஆய்வகத்தை அமைத்தார். அதுவரை அறியப்பட்ட நீர்மப் படிகங்கள் குச்சி வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. தட்டு வடிவ மூலக்கூறுகளும் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து அத்தகைய நிலையை எய்த முடியுமா என்ற கேள்விக்கு, 1977-இல் சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் ‘பிரமாணா’ என்ற இந்திய இதழில் வெளியிட்ட குறுங்கட்டுரை விடை தந்தது. பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு நீண்ட வால்கள் கொண்ட சேர்மங்களில் அந்நிலை இருப்பதை அவர்கள் காட்டினர். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது நூல் இத்துறையின் பாடநூலானது.

அந்தக் கட்டுரையில் மானிட்டர் இல்லை, சந்தை இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம், தட்டு வடிவ மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சாயும்படி அடுக்கி உறையவைத்த மெல்லிய படலம் ஒன்றை உருவாக்கியது. திரையின் குச்சி மூலக்கூறுகள் ஒளிக்குச் செய்யும் கோணலை, அவற்றின் எதிர்ப்பிம்பம் போலச் சாய்ந்த தட்டு மூலக்கூறுகள் நேர்செய்தன. மலிவான டிஎன் திரையை மேசைமேல் வைக்கத்தக்க மானிட்டராக்கியதில் அப்படலத்தின் பங்கு பெரிது. 2000-களில் விற்ற கணக்கற்ற தட்டை மானிட்டர்களின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பொருளின் அடிப்படை அறிவு பெங்களூரில் பிறந்தது. அந்தப் படலமோ திரையோ இந்தியாவில் செய்யப்படவில்லை. இந்திய அறிவியல் வரலாற்று வகுப்புகளில் ராமன் விளைவுக்குக் கொடுக்கப்படும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கும் இக்கண்டுபிடிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

தட்டைத் திரையை அலுவலகங்களே முதலில் விரும்பின. மேசையில் இடம் மிச்சம், மின்சாரம் பாதிக்கும் கீழே, வெப்பம் குறைவு. நீர்மப் படிகத் திரை விட்டுவிட்டு ஒளிர்வதில்லை. பின்னொளி தொடர்ந்து எரிகிறது. ஆகவே தலைவலியும் இல்லை, 85 ஹெர்ட்ஸும் தேவையில்லை. 60 போதும் என்றாகி, தொழிற்சங்கம் பெற்றுத் தந்த எண் பத்தாண்டு காலம் பெட்டியிலிருந்து மறைந்தது. பிரவுசிங் சென்டர் உரிமையாளருக்கும் மின்கட்டணமும் இடவாடகையும்தான் கணக்கு. 2000-களின் நடுப்பகுதிக்குப் பின் படக்குழாய்கள் வேகமாக வெளியேறின. காஜியாபாத்திலும் ராஜஸ்தானின் கோட்டாவிலும் படக்குழாயும் அதற்கான கண்ணாடியும் செய்த சாம்டெல் குழுமத்தின் ஆலைகள் 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோயின. கழிக்கப்பட்ட மானிட்டர்கள் தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களுக்குச் சென்றன. அங்கே செம்புச் சுருளுக்காக வெறுங்கையால் உடைக்கப்பட்ட அந்தக் கண்ணாடியில் ஈயம் இருந்தது. மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. வெளியேற்றத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. தட்டைத் திரையின் வருகையை முன்னேற்றமாக மட்டும் எழுதும் வரலாறுகள் சீலம்பூரைத் தவிர்த்துவிடுகின்றன.

விளையாடுவோர் இழந்தவற்றுள் முதலில் கண்ணில் பட்டது துலங்கல் நேரம். ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் காலம் தொடக்கக் கால மானிட்டர்களில் 25 மில்லிநொடி வரை இருந்தது. 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடிதான். அடுத்த படம் வந்த பின்னும் முந்தையது முழுதாய்ப் போகவில்லை. ஓடும் உருவத்தின்பின் வால் ஒன்று இழுபட்டது. 25, 16, 12, 8, 5 என இந்த எண் ஆண்டுதோறும் இறங்கியது. இறக்கத்தின் ஒரு பகுதி பொறியியல். மறுபகுதி அளவுகோலை மாற்றியது. கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் போய்த் திரும்பும் முழு நேரத்தை அளப்பதை விட்டு, ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொரு சாம்பலுக்குப் போகும் பாதையின் நடுப்பகுதியை மட்டும் அளக்கும் வழக்கம் வந்தது. பிக்சலை மிகை அழுத்தத்தால் முடுக்கும் ‘ஓவர்டிரைவ்’ அமைப்பை உச்சத்துக்கு ஏற்றினால் 1 மில்லிநொடி என்று அச்சிடலாம். அப்போது பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்புவதால் வாலுக்குப் பதில் ஒளிவட்டம் தோன்றும். ஆகவே பெட்டியின் எண்களுள் ஐயத்தோடு அணுக வேண்டியது இந்த 1 முதலாவது.

துலங்கல் நேரம் சுழியமே ஆனாலும் தட்டைத் திரையில் அசைவு மங்கும். இதை உணரப் பலருக்கும் நெடுங்காலம் ஆயிற்று. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆய்வகத்தில் டாயிச்சிரோ குரிட்டா போன்றோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் காரணத்தைத் தெளிவாக எழுதினர். குற்றம் பிக்சலில் மட்டும் இல்லை. கண்ணும் திரையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஓடும் பொருளைக் கண் விட்டுவிட்டுத் தொடர்வதில்லை, வழுக்கிக்கொண்டு தொடர்கிறது. திரையோ ஒரு சட்டகத்தை அதன் ஆயுள் முழுவதும் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்துவிட்டு, அடுத்ததில் தாவுகிறது. 1920 பிக்சல் அகலத்தை 2 விநாடியில் கடக்கும் உருவத்தைக் கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் அது ஒவ்வொரு சட்டகத்திலும் 16 பிக்சல் தாவும். அந்த 16.7 மில்லிநொடியில் திரையில் படம் நிற்கிறது, கண் நகர்கிறது. ஆகவே விழித்திரையில் படம் 16 பிக்சல் அகலத்துக்கு இழுகிறது. எழுத்தாயிருந்தால் படிக்க முடியாது. படக்குழாயில் இது நிகழாததற்குக் காரணம் அதன் படம் மின்னலைப்போன்றது. மின்னல் வெட்டில் சுழலும் விசிறியின் இறக்கைகள் நின்றாற்போல் தெரியும். ஒளி அவ்வளவு சிறுபொழுதே இருப்பதால் இழுபட நேரமில்லை. அதே ஒரு மில்லிநொடித் தெளிவை விட்டொளிராத தட்டைத் திரையில் பெற வேண்டுமானால், விநாடிக்கு ஆயிரம் வெவ்வேறு சட்டகங்கள் தேவை. அலுவலகத்துக்கு வரமான இடையறாத ஒளியே விளையாட்டுக்குச் சாபமானது.

இந்த இழப்பை அறிந்தோ அறியாமலோ தேர்ந்த ஆட்டக்காரர்கள் 2000-களின் இறுதிவரை படக்குழாயை விடவில்லை. 2001-இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ போட்டிகளுக்கு இன்றும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுமந்து வருவோர் உண்டு.

மீட்பின் முதற்படி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2009-இன் தொடக்கத்தில் என்விடியா முப்பரிமாணக் கண்ணாடித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருந்ததால், கண்ணுக்கு 60 வீதம் 120 ஹெர்ட்ஸ் திரை தேவைப்பட்டது. சாம்சங்கும் வியூசோனிக்கும் 22 அங்குல 120 ஹெர்ட்ஸ் மானிட்டர்களை அதற்காகவே செய்தன. முப்பரிமாண மோகம் சில ஆண்டுகளில் அடங்கிற்று. கண்ணாடிகள் இழுப்பறைக்குப் போயின. திரையை வாங்கியவர்கள் கண்ணாடி அணியாமல் சாதாரண விளையாட்டை 120-இல் ஓட்டியபோது அசைவு பாதி மங்கலோடு தெரிவதைக் கண்டிருந்தனர். முப்பரிமாணத்துக்காகப் பின்னொளியை விட்டுவிட்டு எரிக்கும் ‘லைட்பூஸ்ட்’ என்ற அமைப்பையும் 2012-ஐ ஒட்டி ஆர்வலர்கள் கண்ணாடியின்றி இயக்கக் கற்றனர். படக்குழாயின் மின்னல் பின்கதவு வழியாகத் திரும்பி வந்தது. ஒளி குறையும், சிலருக்குக் கண் கூசும் என்ற பழைய விலையும் உடன் வந்தது. இன்று பெட்டிகளில் ‘எம்பிஆர்டி 1 மில்லிநொடி’ என்றிருப்பது இந்த முறையைக் குறிப்பது. சாம்பல்-சாம்பல் கணக்கின் 1-உம் இந்த 1-உம் ஒன்றல்ல.

அடாப்டிவ் சிங்கின் பிறப்பும் இவ்வாறே. கிராபிக்ஸ் அட்டை சீரற்ற இடைவெளிகளில் சட்டகங்களை வரைகிறது. திரையோ சீரான இடைவெளியில் எடுத்துக் காட்டுகிறது. இரண்டும் பொருந்தாதபோது படம் குறுக்கே கிழிந்து தெரியும், அல்லது தடுமாறும். 2013 அக்டோபரில் என்விடியா தனி மின்சுற்றுப் பலகையோடு ஜி-சிங்கை அறிவித்தது. 2014 சனவரியில் ஏஎம்டி அதற்கு மறுமொழியாக, மடிக்கணினித் திரைகளில் மின்கலச் சிக்கனத்துக்காக ஏற்கெனவே இருந்த வசதி ஒன்றைக் கொண்டே அதே விளைவைக் காட்டியது. அவ்வாண்டின் நடுவில் வீசா அமைப்பு அதைப் பொதுத் தரமாக்கியது. 2019 சனவரியில் என்விடியாவும் பொதுத்தர மானிட்டர்களை ஏற்றதும், கூடுதல் விலை கொடுக்கும் தேவை பெரும்பாலும் ஒழிந்தது. இது படக்குழாய் ஒருபோதும் தந்திராத நன்மை என்பதையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டு ஒளிரும் திரையில் இடைவெளியை மாற்றினால் படம் துடிக்கும். படத்தை நிறுத்திப் பிடிக்கும் திரைக்கே அது இயலும். எனவே நடுத்தர விலை மானிட்டரில் வேறெதை விட்டாலும் விடக்கூடாதது இந்த வசதி. அட்டை வலுவற்றதாயின் அதன் பயன் இன்னும் கூடும்.

பிக்சல் எண்ணிக்கை வேறு வகைச் சிக்கல். படக்குழாயின் நெகிழ்வு போன பிறகு, திரையின் எண்ணிக்கை ஆலையிலேயே உறுதியாகிவிடுகிறது. அதற்குக் கீழான படத்தைக் கொடுத்தால் திரை அதை நீட்டி மங்கலாக்கும். 1920×1080 என்றால் சட்டகத்துக்கு ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல். 2560×1440 என்றால் 36.9 லட்சம், 3840×2160 என்றால் 82.9 லட்சம். மானிட்டரைத் தேர்ந்தெடுப்பவர் தம் கிராபிக்ஸ் அட்டைக்கு அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கான வேலைப்பளுவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். 2003-இன் பிரவுசிங் சென்டர் இளைஞருக்கு இந்தக் கட்டு இல்லை. குறைந்த செலவில் கணினி அமைக்கும் மாணவர்கள் 4கே திரையை வாங்கிவிட்டு விளையாட்டை விநாடிக்கு 30 சட்டகங்களில் நகர்த்துவது இக்கட்டை அறியாததன் விளைவு.

ஹெர்ட்ஸ் எண்ணைப் படிப்பதற்கு எளிய வகுத்தல் போதும். 60 ஹெர்ட்ஸில் சட்டகத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி, 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8. முதல் தாவலில் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 10 மில்லிநொடி. இறுதித் தாவலில் 1.4. முதல் தாவலுக்கு ஆகும் கூடுதல் விலை இன்று சிறிது, இறுதித் தாவலுக்கோ பெரிது. போட்டியில் ஆடுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர் 144-க்கும் 180-க்கும் இடையே நிற்பதே கணக்குக்குப் பொருந்தும். மிஞ்சும் பணத்தை அட்டைக்குக் கொடுக்கலாம்.

படல வகைகளில் டிஎன் இன்று போட்டிக்கான சில மானிட்டர்களில் மட்டும் எஞ்சியுள்ளது. 1990-களின் நடுவில் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொணர்ந்த ஐபிஎஸ், மூலக்கூறுகளைத் திரைத்தளத்திலேயே திருப்புவதால் கோணச் சிக்கலை வேரோடு தீர்த்தது. இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பலாய்த் தெரிவது குறை. ஃபூஜிட்சு வழிவந்த விஏ வகையில் கறுப்பு ஆழமானது, ஆனால் இருண்ட நிறங்களுக்கிடையே அது மெல்ல மாறுவதால் இரவுக் காட்சிகளில் கரும்புகை இழுபடும். எச்டிஆர் 400 பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீசாவின் 2017 தரவரிசையில் அது கீழ்ப்படி. பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் அமைப்பை அது கட்டாயமாக்கவில்லை. அதற்கென ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

இந்திய வரிக் கொள்கையிலும் ஒரு காலத்தின் எண்ணம் பதிவாகியுள்ளது. 2017-இல் சரக்கு-சேவை வரி வந்தபோது பெரிய மானிட்டர்கள் 28 விழுக்காட்டு அடுக்கில், ஆடம்பரப் பொருள்களோடு அமர்த்தப்பட்டன. 2019 சனவரி முதல் 32 அங்குலம் வரையிலானவை 18 விழுக்காட்டுக்கு இறங்கின. 27 அங்குலத் திரை இந்திய மாணவர் மேசைகளில் இயல்பானது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான்.

மீட்பின் மிக அண்மைய கட்டம் ஓஎல்இடி. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் விவரித்த கரிமச் சேர்ம ஒளிவிடுகை, 2022-இல் சாம்சங்கின் திரையோடு டெல் நிறுவனத்தின் 34 அங்குல ஏலியன்வேர் மானிட்டராக விளையாட்டு மேசைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. கறுப்பு மெய்யான கறுப்பு. துலங்கல் நேரம் ஒரு மில்லிநொடியின் சிறு பின்னம். 25 மில்லிநொடியில் தொடங்கிய வாலின் கதை அத்தோடு முடிந்தது. நாள் முழுவதும் ஒரே கோப்பைத் திறந்துவைத்து ஆய்வேடு எழுதுபவருக்கு அது ஏற்றதன்று. அசையாத வடிவங்கள் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதியும். படத்தை நிறுத்திப் பிடிக்கும் பழக்கமும் அதனை விடவில்லை; 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடியிலும் சட்டகம் 4.2 மில்லிநொடி நிற்கிறது.

2024 டிசம்பர் இறுதியில் மார்க் ரெஜோன், டிமதி லாட்ஸ் இருவரும் ஒரு சிறு நிரலைப் பொதுவில் வெளியிட்டனர். விநாடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட பழைய விளையாட்டை 240 அல்லது அதற்கு மேற்பட்ட ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டும்போது, ஒவ்வொரு சட்டகத்தையும் நான்காகவோ அதற்கும் மேலாகவோ பகுத்து, மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் ஒளிர்ந்து மங்கும்படி அது வரைகிறது. அந்தப் பட்டை போலிசெய்வது கோட்டாவின் கண்ணாடிக்குள் ஒருகாலத்தில் ஓடிய மின்னணுக் கற்றையை.